களப்புத் தண்ணி

அனுராதபுரச் சந்தியில் மழை விட்டபிறகு
ஹெட்டைக் கழற்றினேன்.
சர்வேயர் தில்லைச்சிவத்தின் நிசான் சனி.
பெயரிலேயே இருக்கிறது.
நாலு வருஷம் நிலாவெளியில், ஷீட்டுக்குக் கீழே
கோழிகள் அடைகிடந்த வண்டி.
மருமகனுக்கு இப்போது ஓட வேண்டுமாம்.

பத்துப் போல்ட். வெளியிலிருந்து உள்ளே,
கொஞ்சம் கொஞ்சமாய்.
ஒன்று கீச்சிட்டது. ஒன்று வரமாட்டேன் என்றது.
தலையில் ஒரு தட்டு. வந்தது.

தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை.
சுண்ணாம்பென்று நினைத்து
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"ரேடியேட்டருக்கு என்ன ஊத்தினீங்கள், ஐயா?"
"நல்ல தண்ணிதான்."
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும்.
"ஒருநாள் இறக்கண்டிப் பாலத்தடியில கொதிச்சுது.
வாளியால அள்ளி ஊத்தினன்.
கடல் தண்ணியில்லைத் தம்பி,
களப்புத் தண்ணி."

நிலம் அளக்கிறவருக்குக்
கடல் எங்கே முடிகிறதென்று தெரியும்.
உப்புக்குத் தெரியாது.

இதே பம்பருக்கு முன்னால்தான்
மெல்ரோயைக் கேட்டேன்,
மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்க:
புதுக் கேஸ்கட் வாங்கத் தந்த காசு எங்கே?
பழசைத்தானே திருப்பிப் போட்டாய்?
ஒயில், பால்தேத்தண்ணி நிறத்தில்
வடிந்துகொண்டிருந்தது.
அவன் பதில் சொல்லவில்லை.
மண்ணெண்ணெயில் கை கழுவினான்,
விரல் விரலாய்.
தன் ஸ்பனர்களை மட்டும் பொறுக்கினான்.
பன்னிரண்டாம் நம்பர் யாருடையதென்று
சந்தேகம் வந்தபோது
வைத்துவிட்டுப் போனான்.

கேஸ்கட்டை உரித்துத் தூக்கிப் பிடித்தேன்.
ஓரத்தில் ஜப்பான் எழுத்து, கம்பனி முத்திரை,
ஒருமுறை மட்டும் நசுங்கிய விளிம்பு.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
உப்புத் தின்ற பாதை.
நாலு வட்டத்தில் ஒன்றுக்குள் ஒரு மான் தெரிந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
புதுக் கேஸ்கட்டின் அட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டு நின்றது.

பன்னிரண்டால் முன்கவரைத் திறந்தேன்.
இரண்டு செயின், மேலொன்று கீழொன்று.
மேல் செயினின் கண்ணியில்
ஊதாப் புள்ளி. பல்லில் இன்னொன்று.
மெல்ரோய் பெயின்ட் தொடமாட்டான்.
மகளின் கியூடெக்ஸ்தான்.
போத்தலைத் தேடி அவள்
பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்து நிற்பாள்.
புள்ளியும் புள்ளியும் விலகிக் கிடந்தன.
ஓடிய செயினில் அப்படித்தான்.
கிராங்கைக் கையால் சுற்றினேன், எண்ணாமல்,
நேருக்கு நேர் வரும்வரை.
தோள் வலித்தது.

ஹெட் லேத்துக்குப் போய் வந்தது.
புதுச் செயின்கள் வந்தன.
கியூடெக்ஸ் வாங்கப் போனேன்.
"எந்தக் கலர், அங்கிள்?"
ஊதா இல்லை. சிவப்பைக் கொண்டு வந்தேன்.

பிறகு டோர்க் ரென்ச்சை மடியில் வைத்துக்கொண்டு
பழைய நம்பருக்கு அடித்தேன்.
"ஆர்?"
"நான்."
பின்னால் ஒரு கம்ப்ரஸர் ஓடி, நின்றது.
"சனியின்ர ஹெட் போல்ட்டுக்கு எவ்வளவு?"

எனக்குத் தெரியும்.
சுவரில் கரியால் எழுதியிருக்கிறது,
அவன் கையெழுத்தில்.

"முதல்ல இருபத்திரண்டு.
பிறகு நாப்பத்திமூண்டு.
பிறகு எல்லாத்தையும் முழுக்க இளக்கு."
"முழுக்க?"
"முழுக்க. அதை விட்டிட்டுத்தானே
நீ எப்பவும் இறுக்கிறது.
திரும்ப இருபத்திரண்டில இருந்து வா."

"மெல்ரோய், அந்தக் கேஸ்கட்..."
"போல்ட்டைப் பார்."

போனை ஸ்பீக்கரில் போட்டுப்
பிளக் குழிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இறுக்கினேன். இளக்கினேன்.
நடுவிலிருந்து வெளியே மறுபடியும்.
ஒவ்வொரு டிக்குக்கும் அங்கே அவன் எண்ணினான்,
ஒன்று, இரண்டு என்று, கணக்கு வாத்தியார் குரலில்.
ஏழாவதில் நிறுத்தினான்.

"அது கேக்கேல்லை," என்றான்.
"திரும்ப."